மாலுமியின் ரத்தத்தில் கிடைத்த விதி

வெப்ப இயக்கவியல்னா நமக்கு நீராவி இன்ஜின்தான் ஞாபகம் வரும். ஆனா அதோட முதல் விதியை ஒருத்தர் மனித உடம்பில் கண்டுபிடிச்சார்.

1840. ஜாவா தீவின் சுரபாயா துறைமுகம். டச்சுக் கப்பலின் டாக்டர், ஜெர்மனிக்காரர் ராபர்ட் மேயர், வயது 25. நோயுற்ற மாலுமிகளுக்கு அந்தக் கால வழக்கப்படி சிரையைக் கீறி ரத்தம் எடுக்கிறார். கருஞ்சிவப்பா வரவேண்டிய ரத்தம் பளிச்சுன்னு வருது. தமனியை வெட்டிட்டோமோன்னு பயந்துட்டார்.

உணவு உடம்புக்குள்ள ஆக்ஸிஜனோட சேர்ந்து மெதுவா எரியுதுன்னு லவாய்சியே ஏற்கெனவே சொல்லியிருந்தார். வெயில் நாட்டில் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் எரிச்சாலே போதும். மிச்ச ஆக்ஸிஜன் ரத்தத்திலேயே திரும்புதுன்னு மேயர் யோசிச்சார். சரி, அதே மாலுமி கயிறு இழுக்கிறாரே, அதுக்கும் அதே சாப்பாடுதானே? அப்போ வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றா மாறும். மொத்தக் கணக்கு குறையாது!

1841இல் அனுப்பிய கட்டுரைக்கு இதழாசிரியர் பதிலே போடலை. 1842இல் வேறொரு இதழில் வந்தும் யாரும் கண்டுக்கலை. பெருமை ஜூலுக்குப் போச்சு. மனம் உடைந்து 1850இல் தற்கொலைக்கு முயன்றார், பிழைத்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம் 1871இல்தான் வந்தது.

பிஸ்கட் பாக்கெட்டில் போட்டிருக்கிற கலோரிக் கணக்கு நிக்கறது அந்த விதி மேலதான்.