மரக்காணம் கடற்பகுதி எண்ணெய் ஏலம்

வங்கக் கடலில் தமிழ்நாட்டுக் கரையை ஒட்டி எண்ணெய், எரிவாயு தேடுவதற்காக ஒன்றிய அரசு 2018இல் ஏலத்தில் ஒதுக்கிய இரு வட்டாரங்களில் வடக்கே உள்ளது, விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் தொடங்கிக் கடலூர்ப் பக்கம் வரை நீள்கிறது. பரப்பு சுமார் 1,794 சதுர கிலோமீட்டர். மரக்காணம், திண்டிவனத்திலிருந்து கிழக்கே போகும் சாலை கடலைத் தொடும் உப்பள ஊர். காவிரி கடலில் கலக்கும் இடம் வெகு தெற்கே இருந்தாலும், நிலவியல் கணக்கில் இதுவும் காவிரிப் படுகைதான்.

ஏலம் என்றதும் அதிகத் தொகை சொன்னவருக்கே பொருள் என்று தோன்றும். இங்கே விற்கப்படுவது எண்ணெய் அல்ல, தேடும் உரிமை. கிணறு வறண்டும் போகலாம். ஆகவே, எவ்வளவு தூரம் அதிர்வலை ஆய்வு, எத்தனை சோதனைக் கிணறுகள் என்ற வாக்குறுதிக்கும், கிடைக்கும் வருவாயில் அரசுக்குத் தரும் பங்குக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். முந்தைய கொள்கையில் நிறுவனம் செலவைக் கழித்த பிறகே அரசுக்கு லாபப் பங்கு. செலவுக் கணக்கில் ஓயாத வழக்கு. 2016 மார்ச்சில் வந்த ஹைட்ரோகார்பன் கொள்கை அதை வருவாய்ப் பங்காக மாற்றியது. வட்டாரத்தின் எல்லையை நிறுவனமே வரைந்து கேட்கலாம் என்பது இன்னும் பெரிய மாற்றம். அப்படி முதலில் கேட்டவருக்கு 5 மதிப்பெண் கூடுதல்.

இம்முறையின் முதல் சுற்றில் 55 வட்டாரங்களுக்கு 2018 அக்டோபர் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றில் 41 வேதாந்தா நிறுவனத்துக்கு. மரக்காணமும் அதற்குத் தெற்கே வேளாங்கண்ணி வரையுள்ள கடற்பகுதியும் அதில் அடக்கம். இரண்டிலும் சேர்த்து 274 கிணறுகள் திட்டமிடப்பட்டன. 2019 ஜூன் 23 அன்று மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை இத்திட்டத்தின் எதிர்ப்பாளர்கள் மனிதச் சங்கிலி நடத்தினர். 2020 ஜனவரியில், சோதனைக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம் என்று சுற்றுச்சூழல் அறிவிக்கை திருத்தப்பட்டது.

இதில் மாநிலத்துக்கு என்ன அதிகாரம்? நிலத்தில் தேடும் உரிமத்தை ஒன்றிய அரசின் ஒப்புதலோடு வழங்குவது மாநில அரசு. கடலடி வளமோ அரசியலமைப்பின் 297ஆம் பிரிவின்படி ஒன்றியத்துக்கு உரியது; அங்கே மாநிலத்தின் கையெழுத்து தேவையில்லை. தமிழ்நாடு 2020இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டா மாவட்டங்களின் நிலத்துக்கானது. அதன் பட்டியலில் விழுப்புரம் இல்லை.