செக்குபந்தி இல்லாத பத்திரம்

மயிலாப்பூரில் ஒரு மனை கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் கதவிலக்கம் மட்டும் இருந்தால் யாராவது காசை எடுத்து வைப்பார்களா? எத்தனை கிரவுண்டு, வடக்கே யார் மனை, தெற்கே எந்தத் தெரு என்று செக்குபந்தி எழுதியாக வேண்டும். மனை எங்கே தொடங்குகிறது என்பது பாதி விஷயம்தான். எங்கே முடிகிறது என்பதில்தான் கோர்ட்டு வழக்கெல்லாம் வரும்.

கம்ப்யூட்டர் உலகமோ 50 வருஷத்துக்கும் மேலாக செக்குபந்தி இல்லாத பத்திரத்தை வைத்தே காரியம் பண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் பாயின்ட்டர். நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி, அவ்வளவுதான். அங்கிருந்து எத்தனை பைட் உங்களுடையது என்று அதில் எழுதியிருக்காது.

இதன் கதை 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் லேப்ஸில் இருக்கிறது. யூனிக்ஸ் ஓடத் தொடங்கிய பிடிபி-11 இயந்திரத்தின் நினைவகம் 24 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட அதில் அடங்காது. டென்னிஸ் ரிச்சி அப்போது 'பி' என்ற மொழியை வளர்த்து 'சி' ஆக்கிக்கொண்டிருந்தார். பி-யில் ஓர் அரேயை அறிவித்தால், அதன் முதல் இடத்தின் முகவரியைச் சுமக்கும் தனிச் செல் ஒன்றும் கூடவே வரும். யூனிக்ஸின் டைரக்டரி பதிவிலோ 2 பைட்டில் ஓர் எண், 14 பைட்டில் கோப்பின் பெயர், மொத்தம் 16 பைட். இதை அப்படியே மொழிக்குள் கொண்டுவர நினைத்தார் ரிச்சி. இதற்குள் முகவரிச் செல்லை எங்கே ஒளித்து வைப்பது?

அந்தச் செல்லையே அவர் தூக்கிவிட்டார். அரேயின் பெயரைச் சொன்னதுமே அது முதல் உறுப்பின் முகவரியாக மாறிக்கொள்ளும் என்று விதி வைத்தார். சிக்கனமான, அழகான தீர்வுதான். ஆனால் அரேயை ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் போய்ச் சேருவது முகவரி மட்டும். நீளம் வாசலிலேயே நின்றுவிடும்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு பேசும் முறையும் இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டது. யூனிக்ஸின் ரீட் அழைப்பு மூன்று விஷயம் கேட்கும்: எந்தக் கோப்பு, எந்த முகவரியில் கொட்ட வேண்டும், எத்தனை பைட். அந்த 'எத்தனை', நீங்கள் கொடுக்கும் வாக்கு. முகவரி உங்கள் ப்ரோக்ராமுக்குச் சொந்தமான நினைவகத்தில் இருக்கிறதா என்று கெர்னல் பார்க்கும். குறிப்பிட்ட அரே எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. ஊர் சரி என்றால் உள்ளே விட்டுவிடும், வேலி தாண்டினால் கேட்காது.

வேறு வழியே இல்லாமல் இல்லை. 1960களின் தொடக்கத்தில் லண்டனின் எலியட் நிறுவனத்துக்காக டோனி ஹோர் எழுதிய அல்கால் கம்பைலர், ஒவ்வொரு முறையும் அரேயின் எல்லையைச் சரிபார்த்தது. வேகத்துக்காக அதை நிறுத்தும் வசதி வேண்டுமா என்று பின்னாளில் வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று பதில் வந்ததாக ஹோர் தன் 1980 டியூரிங் விருது உரையில் சொல்லியிருக்கிறார்.

நம்பிக்கையை மட்டுமே வைத்து நடத்தியதற்கான பில் 1988 நவம்பர் 2 அன்று வந்தது. மோரிஸ் வார்ம் என்ற ப்ரோக்ராம், ஃபிங்கர் என்ற சேவையின் 512 பைட் இடத்துக்குள் 536 பைட்டைத் திணித்தது. கூடுதல் 24 பைட்தான், ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிய அந்த வார்முக்கு அதுவும் ஒரு வாசல். அதை உள்ளே விட்ட 'கெட்ஸ்' ஃபங்ஷன், இடம் எவ்வளவு என்று கேட்கவே கேட்காது. சி மொழியின் தர விதிகளிலிருந்து அதை நீக்க 2011 வரை ஆனது. 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்ப்ளீட் இதன் மறுபக்கம். எதிராளி சொன்ன நீளத்தை நம்பி, ஓபன்எஸ்எஸ்எல் பக்கத்தில் கிடந்த ரகசியத்தையும் சேர்த்து, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை வாரிக் கொடுத்தது.

இப்போதுதான் டைனமிக் அரே வந்துவிட்டதே என்று கேட்கலாம். சி++ வெக்டரோ, ரஸ்ட்டின் வெக்கோ, முகவரியோடு நீளத்தையும் கொள்ளளவையும் சேர்த்தே வைத்திருக்கும். பத்திரம் முழுசாக இருக்கிறது. ஆனால் சிஸ்டம் ஃபங்ஷனின் வாசலில் அதைக் கிழித்து, முகவரியையும் எண்ணையும் தனித்தனியாகத்தான் நீட்ட வேண்டும். வெக்டரில் 512 பைட்டுக்கு இடம் மட்டும் ஒதுக்கி, நீளத்தை மாற்றாமல் முகவரியைக் கொடுத்தால், சிஸ்டம் எழுதிவிட்டுப் போகும், வெக்டரோ தான் காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நடுவில் அரே வளர்ந்தால் இன்னும் மோசம். அது வேறு இடத்துக்குக் குடிபோய்விடும். பழைய முகவரியை வைத்திருக்கிறவர், புதிதாகக் குடிவந்தவர் வீட்டில் சாமானை இறக்குவார்.

இதில் சென்னைக்கு என்ன வேலை? அடையாறுக்கும் கிண்டிக்கும் நடுவில், மான்கள் திரியும் ஐஐடி மெட்ராஸ் வளாகத்துக்குப் போக வேண்டும். 1959ல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கு 1973ல் ஐபிஎம் 370/155 வந்தது. அந்தக் கால இன்ஜினியர்களின் ஃபோர்ட்ரானிலும் சப்ரொட்டீனுக்கு அரே முகவரியாகத்தான் போகும், நீளத்தை எழுதுகிறவர்தான் சரியாகச் சொல்ல வேண்டும். இதே வளாகத்தில்தான் பிற்பாடு சக்தி என்ற ப்ராசஸர் உருவானது. 2018ல் அதன் சிப் லினக்ஸை பூட் செய்தது.

அந்தக் குழுவினர் 2019ல் ஷக்தி-எம்எஸ் என்ற வடிவத்தை முன்வைத்தார்கள். காமகோடி, செஸ்டர் ரெபெய்ரோ உள்ளிட்டோரின் ஆய்வு அது. அவர்களின் வழி, பாயின்ட்டருக்குச் செக்குபந்தியைத் திருப்பிக் கொடுப்பது. முகவரியோடு எல்லையும் பயணிக்கும் இதை ஃபேட் பாயின்ட்டர் என்பார்கள். கம்பைலர் சோதனைக் கட்டளைகளைத் தானே செருகும், ப்ராசஸர் எல்லையைப் பார்க்கும். காலாவதியான பாயின்ட்டரையும் பிடிக்கும். ப்ரோக்ராமரின் வாக்கை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

சும்மா கிடைக்காது. அவர்கள் கணக்கில் கோடின் அளவு 11 சதவீதம் கூடுகிறது, ஓடும் நேரம் சராசரியாக 13 சதவீதம் கூடுகிறது. அதற்கு மேல், பழைய முறையில் கம்பைல் செய்த லைப்ரரி எதையாவது அழைக்க வேண்டுமென்றால், ஃபேட் பாயின்ட்டரும் வாசலில் இளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். 50 வருஷக் கோடு பூராவும் அப்படித்தான் எழுதிக் கிடக்கிறது.

24 கிலோபைட் காலத்தில் ரிச்சி மிச்சம் பிடித்ததில் நியாயம் இருந்தது. இன்று கையில் இருக்கும் போனில் ஜிகாபைட் கணக்கில் நினைவகம் இருக்கிறது. இப்போதும் அந்த 13 சதவீதம் அதிகம் என்று கணக்குப் போடுகிறவர்கள் வேறு, ஹார்ட்ப்ளீட் மாதிரி ஒன்று வெடிக்கும்போது பாஸ்வேர்டை இழக்கிறவர்கள் வேறு. எலியட்டின் வாடிக்கையாளர்களிடம் கேட்ட கேள்வியை நம்மிடம் யாரும் கேட்டதில்லை.