உடலில் சிதையும் பாலிமர் வழி நீடித்த மருந்து வெளியீடு

ஒருமுறை போட்ட ஊசியின் மருந்து வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ சிறிது சிறிதாக உடலில் கலக்கும்படி, தானே சிதைந்து மறையும் பாலிமருக்குள் அதைப் பொதிந்து கொடுக்கும் முறை இது. பெரிதும் பயன்படுவது பிஎல்ஜிஏ. லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சங்கிலியாய் இணைந்த பாலிமர் இது. 1970களில் இந்த வகைப் பாலிமர்கள் கரையும் தையல் நூலாக அறுவை அரங்குகளுக்குள் நுழைந்தன. நீர் பட்டுச் சங்கிலிகள் அறுபட, பிரியும் அமிலங்கள் இறுதியில் கார்பன் டை ஆக்சைடும் நீருமாக வெளியேறுகின்றன. லாக்டிக் பங்கு கூடக்கூடச் சிதைவு பொதுவாக மெதுவாகும்.

1989இல் அமெரிக்காவில் இவ்வகை ஊசியான லூப்ரான் டிப்போ அனுமதி பெற்றது. புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு அன்றாட ஊசி மாத ஊசியாயிற்று. 2003இல் மனச்சிதைவு நோய்க்கான ரிஸ்பெர்டால் கான்ஸ்டா அனுமதிக்கப்பட்டது. இந்நோயில் மாத்திரையை இடையில் நிறுத்துவது நோய் மீண்டும் தலைதூக்க முக்கியக் காரணம். பெங்களூரின் ஜோகுபாளையத்திலிருந்து ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி என்பது வீட்டில் நாள்தோறும் மாத்திரைக்காக நடக்கும் மன்றாட்டிலிருந்து விடுதலை. ஆனால் கான்ஸ்டா போட்ட முதல் மூன்று வாரம் மருந்து போதிய அளவு வெளிவராது. அதுவரை மாத்திரை தொடர வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் காக்கவும் வேண்டும். கோடை வெயிலில் மருந்தை ஏற்றி இறக்கும் நம் ஊர்களில் இது சின்ன நிபந்தனை அல்ல.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுநாளே நிறுத்தலாம். ஆனால் தசைக்குள் போன, மருந்து பொதிந்த பாலிமர் நுண்துகள்களைத் திரும்ப எடுக்க வழியில்லை. எனவே பாதுகாப்பு முழுவதையும் ஊசி போடும் முன்பே, தயாரிப்பிலேயே உறுதிசெய்தாக வேண்டும். பாலிமர் தீங்கற்றது என்று சொல்வது மட்டும் போதாது.

துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மருந்து முதல் நாளிலேயே மொத்தமாக வெளிவருவதை வெடிப்பு வெளியீடு என்பர். வீரியமிக்க மருந்தில் இதுவே நஞ்சாகலாம். துகளின் அளவு, துளைகள், உலர்த்தும் வேகம் ஆகியவற்றைச் சீராக்கி இதைக் கட்டுப்படுத்துகிறார்கள். இன்னொரு சிக்கல் உள்ளே ஒளிந்திருப்பது: சிதைவில் உண்டாகும் அமிலம் வெளியேற முடியாமல் துகளின் நடுவே தேங்கினால், பொதிந்த புரத மருந்து உருக்குலையும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப்பொருளைச் சேர்த்து அந்த அமிலத்தைத் தணிக்கலாம் என்பதை 2000இல் ஷ்வெண்டமன் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. துகள் செய்யப் பயன்படும் டைகுளோரோமீத்தேன் கரைப்பானின் எச்சம் 600 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச வரம்பு. இறுதியில் காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கினால் பாலிமர் சங்கிலிகளே அறுபடக்கூடும். ஆகவே பல தயாரிப்புகளைத் தொடக்கம் முதலே கிருமியற்ற அறைகளில் செய்கிறார்கள், செலவும் அதனால் ஏறுகிறது.

திரவமாகச் செலுத்தி உடலுக்குள் திடமாகும் வகையும் உண்டு. 2017இல் அனுமதி பெற்ற சப்லோகேட் என்னும் இவ்வகை ஊசி மருந்து தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் உறைந்து அடைப்பு உண்டாக்கும். எனவே அமெரிக்காவில் அது கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் மட்டுமே வழங்கப்படுகிறது.

மூட்டுக்குள் போடும் சாதாரண மருந்து விரைவில் வெளியேறிவிடுவதால், முழங்கால் தேய்மானத்துக்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது. பிஎல்ஜிஏ துகளில் ஸ்டீராய்டு பொதிந்த சில்ரெட்டா 2017இல் அமெரிக்க அனுமதி பெற்றது. வலியைத் தணிப்பதே அதன் வேலை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரச்சித் அகர்வால் குழு, ராபமைசின் மருந்தை பிஎல்ஜிஏ நுண்துகள்களில் பொதிந்து எலிகளின் மூட்டில் சோதித்து, குருத்தெலும்புச் சேதம் குறைவதை 2020களின் தொடக்கத்தில் வெளியிட்டது. தேய்மானத்தையே தடுக்க முயல்வதால் இதை இன்னும் பெரிய இலக்கு என்றே சொல்ல வேண்டும். ராபமைசின் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து. அதை மூட்டுக்குள்ளேயே நிறுத்திவைக்க முடிந்தால்தான் உடல் முழுதும் பரவும் பக்கவிளைவுகளைக் குறைக்க முடியும்.