கட்டளைவரி நிரல்வழி மேகக் கணிமை

வழங்கி, சேமிப்பகம், வலைப்பின்னல் ஆகியவற்றைத் திரைப் பொத்தான்களால் அன்றி, கோப்பில் எழுதிய கட்டளைகளால் உருவாக்கும் முறை. அமேசானின் கட்டளைக் கருவி 2013இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

இக்கட்டளைகள் வழங்கியை எழுப்பும் இடம், வட்டாரம் எனப்படும் தரவு மையத் தொகுதி. நெடுங்காலம் மலேசியர்களுக்கு மிக அருகிலிருந்த அமேசான் வட்டாரம் சிங்கப்பூரே. 2024 ஆகஸ்ட் 22இல் மூன்று கிடைப்பு மண்டலங்களுடன் (தனித்தனியே இயங்கும் தரவு மையக் குழுக்கள்) மலேசிய வட்டாரம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், சிலாங்கூரின் முன்னாள் தோட்ட நிலமான எல்மினாவில் கூகுள் தன் தரவு மையக் கட்டுமானத்தைத் தொடங்கியது. தோட்டத் தமிழர் வரலாறு அறிந்தவர்க்கு இது சிறிய செய்தியன்று. கோல சிலாங்கூரிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ அமர்ந்திருக்கும் இளைஞர், இன்று ஒரே கட்டளையில் நாட்டுக்குள்ளேயே வழங்கி எழுப்பலாம்.

ஆனால் மலேசிய வட்டாரத்தை முதலில் கணக்கில் இயக்கிவிட வேண்டும். இல்லையேல் கட்டளை பிழையில் முடியும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது ஒரே கட்டளையை மீண்டும் ஓட்டும்போதுதான். மைக்ரோசாஃப்ட் அஷூரில் வளக்குழு (வளங்களைத் தொகுத்து வைக்கும் குழு) உருவாக்கும் கட்டளையை அதே பெயர், அதே இடத்துடன் மீண்டும் ஓட்டினாலும் குழு ஒன்றுதான். அமேசானில் வழங்கி தொடங்கும் கட்டளையை இருமுறை ஓட்டினால் இரண்டு வழங்கிகள், இரண்டு கட்டணங்கள். இதைத் தடுக்க கோரிக்கையுடன் தனி அடையாளச் சரம் ஒன்றை இணைத்து, மறு ஓட்டத்திலும் அதே சரத்தையே தரலாம். அனுமதி உண்டா என்று மட்டும் பார்க்க ‘டிரை-ரன்’ என்னும் தெரிவும் உண்டு. அதில் எந்த வழங்கியும் உருவாகாது.