உறைக்குள் உறங்கும் ஹெரால்டு



பல ஆண்டுகளாக உறை போர்த்தி நிற்கும் பழைய கார் உங்களிடம் இருக்கிறதா? சாவி போடுமுன் இதைப் படியுங்கள்.

வண்டலூர் அருகே இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961இல் ஹெரால்டு காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அன்றைய பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000இல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். டேங்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுபோய் கார்புரேட்டரை அடைக்கும்.

எனவே முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பழைய பெட்ரோலை மூடியுள்ள கேனில் வடியுங்கள். டேங்கைக் கழற்றி, துரு நீக்கி, கழுவி, நன்றாக உலரவிடுங்கள். ரப்பர் குழாய், பம்ப் டயாப்ரம், ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். கார்புரேட்டரைப் பிரித்துத் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். பழகிய மெக்கானிக் உடனிருப்பது நல்லது.

இதைக் கீழ்த்தள பார்க்கிங்கில் செய்யவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு பரவும்; எங்கோ ஒரு பொறி போதும். கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

ஹெரால்டைச் செய்த ஆலை இன்று இல்லை. மிஞ்சிய வண்டியை அவசரத்தில் இழக்க வேண்டாம்.