பழந்திமிலும் புதுப்பலகையும்

திருவாமாத்தூரில் இருந்துகொண்டு படகின் அடிப்பலகையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். நம் ஊரை ஒட்டி ஓடும் பம்பை, மழைக்காலம் கழிந்தால் மணலும் கோரையுமாகக் கிடக்கும் ஆறு. ஆயினும் இவ்வூருக்குத் தண்ணீரோடு ஒரு பழைய இலக்கிய வழக்கு உண்டு. திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்கள், கோயில் ஆற்றின் மறுகரையில் இருப்பதாகப் பாடிவிட்டனராம். அவையோர் பிழை என்றனர். மறுநாள் வெள்ளம் பெருகி ஆறே தடம் மாறிப் பாட்டை மெய்ப்பித்தது என்பது செவிவழிக் கதை. (கலம்பகத்துக்கும் கலத்துக்கும் உறவு தேட வேண்டியதில்லை, அது வேறு சொல்.)

மாவட்ட எல்லைக்குள்ளேயே கிழக்கே நடந்தால் கடல் வந்துவிடுகிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்துள் அடங்கிவிட்டது. அவனுடைய எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. அப்பட்டினத்தைச் சிறுபாணாற்றுப்படை காட்டும் இடத்தில் நம்மை எப்போதும் நிறுத்தி வைப்பது, அலை கொண்டுவந்து கரையில் போட்ட அகில் கட்டைகள். உறங்கும் ஒட்டகங்களைப் போல அவை கிடக்கின்றன. நுளைச்சி அவற்றை விறகாக்கித் தேறல் காய்ச்சுகிறாள். கடல் மரத்தைக் கொண்டுவந்தும் தரும், மரத்தைத் தின்றும் தீர்க்கும். இரண்டையும் அறிந்தவர்கள் நெய்தல் நில மக்கள்.

முதுமையுற்ற கலத்தை என்ன செய்வது? இக்கேள்விக்குச் சங்க இலக்கியத்தில் இரண்டு விடைகள் உள்ளன. வியப்பு என்னவெனில், இரண்டையும் தந்தவர் ஒரே புலவர், அம்மூவனார்.

முதல் விடை நற்றிணை 315ஆம் பாட்டில். ஆண்டுகள் பல கழிந்து, அலை மோதி மோதி விளிம்பு முரிந்து, தொழிலுக்கு உதவாது போன அம்பி ஒன்று அங்கே வருகிறது. உழைத்து நடை தளர்ந்த நல்ல எருதை உழவர் புல் நிறைந்த தோப்பில் விட்டுவிடுவது போல, பரதவர் அந்த அம்பியை ஞாழலும் புன்னையும் நிழல் செய்யும் இடத்தில் கட்டிவைக்கிறார்கள். முன்பு அதற்குக் காட்டிய நறும்புகையை இப்போது காட்டுவதில்லை. ஓடும்வரை கலம் தெய்வம், ஓட்டம் நின்றபின் கிழட்டு எருது. வன்மமும் இல்லை, அழுகையும் இல்லை. புகை மட்டும் நின்றுவிடுகிறது. தலைவனின் அன்பு தளர்வதைச் சொல்ல வந்த தோழிக்கு இதைவிடக் கூரிய உவமை வாய்த்திராது.

இரண்டாம் விடை அகநானூறு 10இல். தொண்டித் துறைப் பரதவர் பழந்திமிலைக் 'கொன்று', புது வலையோடு கடலேறி, பிடித்த சுறாவை மணல்மேட்டில் வைத்து அறுத்துப் பாக்கத்தாருக்குப் பகிர்கிறார்கள். இங்கே இடறுவது அந்தக் 'கொல்லுதல்' என்னும் வினை. வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போது மாணவர் யாரேனும் கேட்காமல் இருப்பதில்லை: படகை ஏன் கொல்ல வேண்டும்? கொன்றபின் எதில் ஏறி மீன் பிடித்தார்கள்? சிதைத்தல் என்று நேர்ப்பொருள் கூறிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவது எளிது. ஆனால் அந்த மாணவரின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை அகராதியில் இல்லை, கரையில் இருக்கிறது என்பது நம் கருத்து.

மரக்கலம் கெடுவது எப்படி என்று முதலில் பார்ப்போம். கடல்நீர் மரத்தை அழுக வைக்கும் என்று நிலத்தார் எண்ணுவர். உண்மை ஏறத்தாழ எதிர்மாறானது. உப்பு, மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சையை அடக்கும். கலத்துள் தேங்கும் மழைநீர்தான் பூஞ்சைக்கு வாழ்வு. வெளியே கடலும் உள்ளே மழையுமாக நிற்கும் படகு உள்ளிருந்தே கெடுகிறது. ஆகவேதான் தளப்பலகையின் மேற்புறம் திடமாகத் தோன்றும்போதே அடிப்புறம் மாவாகியிருக்கும். கடலுக்கும் தன் பங்கு உண்டு. மரத்தைத் துளைக்கும் ஒரு புழு, உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது, ஊசிமுனைத் துளையாக உள்ளே நுழைந்து விரல் பருமனுக்கு வளைகளைக் குடைந்துவிடும். பலகை வெளிப்பார்வைக்கு முழுமையாகவே நிற்கும்.

இதனால் பழைய தச்சர் கண்ணை நம்புவதில்லை, உளி முனையாலும் ஓசையாலும் பார்ப்பார்கள். தட்டினால் கணீரென்ற இடம் நல்லது, பொத்தென்ற இடம் போனது. பிறகு தளத்தைப் பெயர்த்து, கீழே வங்குக் கால்களையும் ஏராக்கட்டையையும் பார்ப்பார்கள். பலகை கெட்டு வங்கு நன்றாயிருந்தால் வேலை சிறியது. வங்கும் கெட்டிருந்தால் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பொருத்தியே முன்செல்ல வேண்டும்; எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றினால் கலம் தன் வடிவை மறந்துவிடும், பக்கங்கள் விரிந்துபோகும். உளுத்த இடத்தோடு நிறுத்தாமல் நல்ல மரம் ஒரு முழமாவது சேர்த்து வெட்டுவது இன்னொரு விதி. பூஞ்சை கண்ணுக்குப் படும் எல்லையைத் தாண்டி எப்போதும் சற்று முன்னே போயிருக்கும். எடுத்த பழம்பலகையை எறிந்துவிடமாட்டார்கள். புதுப்பலகைக்கு அதுவே அளவுச் சட்டம். மூட்டில் பஞ்சோ கயிற்றுப் பிரியோ திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் நீர் நிற்கும்.

இந்தத் திணிக்கும் வேலைக்குத் தமிழ்க் கரையில் வழங்கும் சொல் கலப்பத்து, அல்லது கலப்பற்று. கலம் என்பதோடு பற்று சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க ஆசை வரும். அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! ஆனால் போர்த்துக்கீசிய மொழியில் இதே வேலையைச் செய்பவன் 'கலஃபாத்தே'. மத்தியதரைக் கடல் மொழிகளிலும் அரபியிலும் இச்சொல்லின் உறவினர் பரந்து கிடக்கின்றனர். கடலோடிகளோடு வந்த சொல் தமிழ் மேலாடை போர்த்துக்கொண்டது என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

ஆணி அடித்த கலத்தின் கதை இது. சோழமண்டலக் கரைக்கே உரிய கதை வேறு. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை கட்டிய துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் அலையைக் கடந்து கரை சேர்ந்தது மசூலாப் படகில். அதில் ஆணியும் இல்லை, வங்கும் இல்லை. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, மூட்டின்மேல் வைக்கோலோ நாரோ வைத்துத் தென்னங்கயிற்றால் தைத்துவிடுவார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்து நிற்கும். 1834இல் ஜான் எடையும், 1920இல் சென்னை மாகாண மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெலும் இக்கலங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளனர். கயிறு நைந்தால் தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதுதான். அப்போது கெட்ட பலகை போகும், புதியது வரும், நல்லவை மீண்டும் தைக்கப்படும். அதாவது ஒரு படகைப் புதுக்க, முதலில் அதைப் படகல்லாததாக்க வேண்டும். கரையில் அவிழ்த்துப் போட்ட பலகைகள் கிடக்கும். ஒரு நாள் முழுக்க அங்கே படகு என்று ஒன்று இராது.

கட்டுமரமும் அப்படியே. கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவது வழக்கமாக இருந்தது. இல்லையேல் நீர் குடித்து மரம் கனத்துவிடும். ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றிக் கட்டினால் போதும்.

இப்போது தொண்டிக்குத் திரும்புவோம். பழந்திமிலைக் 'கொன்ற' பரதவர் அதை அடுப்புக்கு அனுப்பவில்லை. கட்டவிழ்த்து, கெட்டதை நீக்கி, மறுபடி கட்டினார்கள் என்று கொண்டால் பாட்டு தடையின்றி ஓடுகிறது. வலை புதிது, கலம் புதுக்கப்பட்டது, மீன் பெரிது, பங்கீடு நிறைவு. தலைவியைப் பிரிந்து போக எண்ணும் தலைவனிடம், அவளை உரிமையோடு உன்னுடன் கொண்டு செல் என்று வேண்டும் தோழி, தொண்டியை உவமையாக்கும்போது, பழையதைக் கைவிடாமல் புதுக்கிக்கொண்ட ஊரைத்தான் தேர்ந்திருக்கிறாள். இது நம் வாசிப்பு. திமில் எவ்வகைக் கலம் என்பதிலேயே அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கையில் அறுதியிட்டு உரைக்க முடியாது. ஆனாலும் 'அழித்த' என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பதைவிட இது மாணவருக்கு நேர்மையான விடை.

பிற நாட்டார் வேறு வழிகள் கண்டனர். சீனத்துப் பெருங்கலங்களைப் பற்றி மார்க்கோ போலோ சொல்வது: பழைய பலகையைப் பெயர்ப்பதே இல்லை. அதன்மேல் புதிய அடுக்கை அறைவார்கள். இப்படி ஆறு அடுக்குவரை போகும். ஏதென்சு மக்கள் தீசியசின் கலத்தில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்ததையும், இது பழைய கலமா புதியதா என்று மெய்யியலார் பூசலிட்டதையும் புளூட்டார்க் எழுதிவைத்தார். நம் மசூலாப் படகோட்டிகளைக் கேட்டிருந்தால் அவர்களுக்குப் பூசல் புரிந்தே இராது என்று நினைக்கிறோம்.

நம்மவர் இத்தொழிலை ஏட்டில் எழுதவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 'கப்பல் சாத்திரம்' 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழி அச்சேறியது. மரத்தின் குறிகளும் அளவுகளும் அவற்றுக்கான சோதிடப் பலன்களும் அதில் உண்டு. கலம் பிறக்கும் நேரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட மரபில், கலத்தைப் பழுதுபார்க்கும் கைவேலை பெரும்பாலும் வாய்மொழியிலேயே தங்கிவிட்டது. சாத்திரம் எழுதியவர் கையில் எழுத்தாணி இருந்தது, உளி வேறொருவர் கையில் இருந்தது.

தொழிற்கலம் இன்பக்கலமாவதும் நம் வரலாற்றில் உண்டு. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய ஒரு சிறு வாய்க்கால், 1876–78 பெரும்பஞ்ச நிவாரண வேலையால் நகருள் இணைக்கப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் பெற்றது. பெத்தகஞ்சாம் முதல் நம் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் சுமந்த தோணிகளைக் கரையிலிருந்து கயிற்றால் இழுத்தும் கோலால் தள்ளியும் ஓட்டினார்கள். 1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு அவ்வழியே தோணியில் மாமல்லபுரம் சென்றார். 'மாவலிபுரச் செலவு' அதன் விளைவு. தமிழ்க் கவிதை ஒன்று ஒரு தோணியின் தளப்பலகைமேல் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1960களின் புயல்கள் அக்கால்வாயைச் சிதைத்தன. போக்குவரத்து தேய்ந்து மறைந்தது.

ஈழத்தில் இன்னும் நீண்ட செலவு ஒன்று. வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்னும் சரக்குக் கப்பலை, அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் தம் பயணக் கலமாக வாங்கினார். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாறி, வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் அது 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. வேம்பின் கசப்பைப் புழு விரும்பாது என்பது தச்சர் நம்பிக்கை.

இன்றைய உல்லாசப் படகு ஃபைபரால் ஆனது. உடல் உளுக்காது என்பதனால் எதுவும் உளுக்காது என்று வாங்குவோர் நினைத்துவிடுகிறார்கள். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் தளம் பிளைவுட். அதைத் தாங்கும் சட்டங்களும் மரம். இருக்கை பொருத்த அடித்த திருகாணித் துளை வழியே மழைநீர் இறங்குகிறது. மேலே பூசிய பிசின் அதை வெளியேறவிடாமல் காக்கிறது. தளம் மெத்தென்று அமுங்கும்போது கீழேயுள்ள சட்டம் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். அதைச் சீராக்கச் செய்வதும் பழைய வேலைதான்: தளத்தைப் பெயர், நல்ல மரம் வரும்வரை வெட்டு, பழைய பலகையை வைத்துப் புதியதை அள, விளிம்பெல்லாம் பிசின் ஊட்டு, பிறகு துளையிடு. துளையிட்டபின் அத்துளைக்குள்ளும் பிசின் ஊட்ட மறந்தவர்கள் ஐந்தாறு மழைக்காலத்தில் மறுபடி தளத்தைப் பெயர்க்கிறார்கள்.