கிளைடரும் பாராசூட்டும்: மாணவர் படையின் வான்பயிற்சியில் திண்டுக்கல் சமவெளிக்குரிய இடம்

முன்னுரை

படைத்துறைக் கல்விக்கூடங்களிலும் தேசிய மாணவர் படையிலும் கிளைடர் பறத்தல், பாராசூட் குதித்தல் ஆகிய இரண்டும் ‘சாகசப் பயிற்சி’ என்ற ஒரே தலைப்பில் அடக்கப்படுகின்றன. இக்கட்டுரை அவ்வகைப்பாட்டை மறுக்கிறது. இரண்டும் வானில் நிகழ்பவை என்பதைத் தவிர, அவை வளர்க்கும் பண்பும் வேண்டும் கருவியும் கேட்கும் நிலமும் வேறு வேறு. பாராசூட் பயிற்சி தேர்ந்த ஒரு மையத்தில் குவிந்திருக்க வேண்டியது. கிளைடர் பயிற்சி உரிய நிலமும் காற்றும் உள்ள மாவட்டங்களுக்குப் பரவ வேண்டியது. இதைத் திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து நிறுவுவதே இங்கு நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்குப் படை விமானங்களைத் தடைசெய்தது. இயந்திரம் மறுக்கப்பட்ட இளைஞர்கள் 1920 முதல் வாசர்குப்பே மலையில் கிளைடர் போட்டிகளை நடத்தினர். அங்கு வளர்ந்த திறன் பின்னர் ஜெர்மன் விமானப்படைக்கு அடித்தளமாயிற்று. சோவியத் ஒன்றியம் 1930களில் பூங்காக்களில் பாராசூட் கோபுரங்களை நிறுவிப் பொதுமக்களையே குதிக்கப் பழக்கியது. பிரிட்டனில் 1941இல் தோன்றிய வான்பயிற்சிப் படை சிறுவர்களுக்குக் கிளைடர் பள்ளிகளை நடத்தியது. இன்று கொலராடோவிலுள்ள அமெரிக்க விமானப்படை அகாதமி இவ்விரு பயிற்சிகளையும் தனித்தனிப் படைப்பிரிவுகளிடம் ஒப்படைத்திருக்கிறது. அங்கு மூத்த கேடட்டுகளே பயிற்றுநர்களாகி இளையவர்களுக்குக் கிளைடர் ஓட்டக் கற்றுத் தருகின்றனர். பாராசூட் பாடத்திலோ, முதல் குதிப்பையே பயிற்றுநருடன் பிணைக்கப்படாமல் தனியாக நிகழ்த்துகின்றனர். ஐந்து குதிப்புகளை முடித்தவர் சிறகுச் சின்னம் பெறுகிறார்.

இந்தியாவில் குன்சுரு குழுவின் பரிந்துரையை ஏற்று 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம் வந்தது. அதன் விமானப் பிரிவு 1950இல் தொடங்கியது. அதே ஆண்டில் புனேயில் அரசின் கிளைடர் மையமும் அமைந்தது. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ‘ரோகிணி’ என்னும் இரு இருக்கைக் கிளைடர் 1961இல் பறந்தது. 1979இல் ‘ஆர்த்ரா’ வந்தது. உள்நாட்டிலேயே வடிவமைத்த கிளைடரில் மாணவரைப் பழக்கும் வாய்ப்பு நமக்கு அப்போதே கிட்டிவிட்டது. பின்னாளில் விமானப் பிரிவின் கவனம் மைக்ரோலைட் விமானங்களுக்கு மாறியது. 2015இல் வாங்க ஒப்பந்தமான 194 பிபிஸ்ட்ரெல் விமானங்களில் 110 மாணவர் படைக்கானவை. கடக்வாஸ்லாவின் தேசியப் பாதுகாப்பு அகாதமியில் விமானப்படைக் கேடட்டுகள் மோட்டார் பொருத்திய ‘சூப்பர் டிமோனா’ கிளைடர்களில் முதல் பாடம் கற்கின்றனர். பாராசூட் பயிற்சிக்கு மாணவர் படையினரில் மிகச் சிலர் தேர்வாகி ஆக்ராவிலுள்ள விமானப்படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளிக்குச் செல்கின்றனர்.

இரு பயிற்சிகள், இரு பண்புகள்

பாராசூட் பயிற்சியின் பெரும்பகுதி தரையில் நடக்கிறது. பாதங்களையும் முழங்கால்களையும் சேர்த்து வைப்பது, தரை தொட்டதும் பக்கவாட்டில் உருள்வது, கதவருகே நிற்பது என ஒவ்வோர் அசைவும் உடலில் ஊறும்வரை திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. அடிப்படைக் குதிப்பில், விமானத்துடன் இணைக்கப்பட்ட நிலைக்கயிறே பாராசூட்டைத் திறந்துவிடும். கட்டளை வந்த கணத்தில் கேடட் யோசிக்கக் கூடாது. பாராசூட்டை மடித்தவர், கொக்கியைச் சரிபார்த்தவர், விமானத்தைச் செலுத்துபவர் ஆகியோர்மீது அவர் வைக்கும் நம்பிக்கைதான் அவரை வெளியே தள்ளுகிறது. எனவே இது வளர்ப்பது அச்சத்தை அடக்கும் ஆற்றலும் பிறர் உழைப்பின்மேல் வைக்கும் நம்பிக்கையும்.

கிளைடரில் நிலைமை நேர்மாறானது. வின்ச் இயந்திரம் எஃகுக் கயிற்றால் இழுக்க, கிளைடர் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. கயிறு கழன்றதும் அங்கு இயந்திரமில்லை. தவறிய தரையிறக்கத்தைத் திருத்திக்கொள்ள இரண்டாம் வாய்ப்புமில்லை. சறுக்கு விகிதம் 25 எனக் கொண்டால், காற்றில்லாத நிலையில் அந்த உயரம் ஏழரைக் கிலோமீட்டர் தொலைவு மட்டுமே தரும். நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் இறங்கினால் ஐந்தே நிமிடம். அதற்குள் எங்கே திரும்புவது, எந்த உயரத்தில் களத்தை நோக்குவது, மேலெழும் காற்றைத் தேடுவதா விடுவதா என்று இருபது வயது கூட நிரம்பாத ஒருவர் தாமே முடிவெடுக்க வேண்டும். ஏறும்போதே கயிறு அறுந்தால் நேரே இறங்குவதா, சுற்றி வருவதா என்பதை நொடிகளில் தீர்மானிக்கும் பயிற்சியும் இதில் அடங்கும். இது வளர்ப்பது தற்சார்பான தீர்ப்பு. அதிகாரியாகப் போகிறவருக்கு இரண்டு பண்புகளும் தேவை. ஆனால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுசெய்ய முடியாது.

இங்கிருந்துதான் இடப் பரவல் பற்றிய முடிவு பிறக்கிறது. பாராசூட் பயிற்சிக்குப் பெரிய விமானமும், நுணுக்கமாக மடிக்கும் கூடங்களும், பயிற்சிக் கோபுரங்களும், விரிந்த இறங்குகளமும் வேண்டும். தரத்தில் சிறு தளர்வும் உயிரிழப்பாகும். ஆகவே ஆக்ராவில் அது குவிந்திருப்பது முறையே. கிளைடருக்குத் தேவை ஒரு வின்ச், ஒரு கிலோமீட்டர் அளவுள்ள தடையற்ற தரை, தேர்ந்த பயிற்றுநர், ஒழுங்கான பராமரிப்பு ஆகியவை. கயிற்றைப் பிடிப்பவர், சைகை காட்டுபவர், நேரம் குறிப்பவர் எனத் தரையிலும் மாணவர்களுக்கு வேலை உண்டு. ஒருவர் பறக்க ஒரு குழுவே கற்கிறது.

திண்டுக்கல்லின் காற்று

திண்டுக்கல் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில், மேற்கே பழனி மலைத்தொடருக்கும் கிழக்கே சிறுமலைக்கும் இடையிலுள்ள சமவெளியில் இருக்கிறது. பாறைக் குன்றுகளும் உழுத நிலங்களும் பாசனத் தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்த பரப்பு இது. வெயிலில் பாறையும் காய்ந்த மண்ணும் தோட்டத்தைவிட வேகமாகச் சூடேறும். அந்த வேறுபாட்டால் வெப்பக்காற்று தூணாக எழும். திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு ஏறுவது இந்தக் காற்றில்தான். கிளைடர் ஓட்டுநர் தேடுவதும் இதையே.

ஆனால் எல்லா மாதமும் உகந்ததல்ல. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் காற்று உடுமலை, தாராபுரம் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழற்றும் வலிமை கொண்டது. அதே பருவத்தில் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டும் பழனி மலைகளின் ஒதுக்குப்புறத்தில் காற்று சுழன்று கீழிறங்கும். இயந்திரமில்லாத விமானத்தைப் புதியவர் கையில் கொடுக்க ஆடி மாதம் ஏற்றதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தடுக்கும். தை முதல் பங்குனி வரை காற்று தணிந்தும் வெயில் ஏறியும் இருக்கும் காலமே பயிற்சிக்குரியது. ஆகவே நிலையான தளத்தைவிடப் பருவகால முகாமே இங்குப் பொருந்தும். ஆண்டுத் தேர்வு நாட்களைத் தவிர்த்து, பல கல்லூரிகளின் மாணவர்கள் முறைவைத்து வரும்படி அதைத் திட்டமிடலாம்.

எதிர்வாதங்கள்

நிலம் பற்றியது முதல் வாதம். மேய்ச்சல் புறம்போக்கை வளைத்து ஓடுதளமாக்கினால் ஆடுமாடு வளர்ப்போர் இழப்பர். இவ்வாதம் வலுவானது. முகாம் பருவகாலத்துக்குரியதாகவும், கட்டடமற்றதாகவும், ஊராட்சியின் இசைவோடு நடப்பதாகவும் இருந்தால் மட்டுமே ஏற்கத்தக்கது. மின்கம்பிகள், தென்னந்தோப்புகள், மதுரை விமான நிலையத்தின் வான்வெளி ஆகியவற்றைக் கணக்கில் கொண்டே களம் தேர வேண்டும். உரிய களம் கிடைக்காவிட்டால் முகாமைக் கைவிடுவதே சரி.

இரண்டாவது வாதம் அறம் சார்ந்தது. திண்டுக்கல்லுக்கு அருகில்தான் ஜி. இராமச்சந்திரனும் சௌந்தரம் அம்மையாரும் 1947இல் காந்திகிராமத்தை நிறுவினர். சாந்தி சேனை என்னும் அமைதிப் படையைக் கல்வியின் பகுதியாக்கிய மண் இது. இங்கே படைப்பயிற்சியை வளர்ப்பது முரணல்லவா என்று கேட்கலாம். ஜெர்மன் வரலாறு இக்கேள்விக்கு வலு சேர்க்கவே செய்கிறது.

இதற்கு இந்தியப் பாராசூட் வரலாற்றிலேயே விடை உண்டு. 1941இல் 50ஆவது இந்தியப் பாராசூட் படையணி உருவானபோது முதலில் குதித்த இந்தியர்களுள் ஒருவரான ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் ஒரு மருத்துவர். அவரே பின்னர் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவின் தலைவராகக் கொரியா சென்றார். 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையினருடன் குதித்து, காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். மகாவீர் சக்கர விருது பெற்றார். 1959இல் இந்தியாவின் முதல் பெண் பாராசூட் வீரரான கீதா சந்தாவும் விமானப்படை மருத்துவரே. வானிலிருந்து இறங்கும் துணிவு உயிர் காக்கவும் பயன்படும் என்பதற்கு இவ்விருவரும் சான்று. கிளைடரிலோ ஆயுதத்துக்கே இடமில்லை. அது கற்பிக்கும் தீர்ப்பும் பொறுப்பும் சாந்தி சேனை வேண்டுகிற பண்புகளுக்குப் பகையானவை அல்ல.

மூன்றாவது வாதம், மைக்ரோலைட் இருக்கக் கிளைடர் எதற்கு என்பது. ஆனால் இயந்திர விமானம் பிழையைப் பொறுக்கும். இயந்திர விசையைக் கூட்டி மீண்டும் ஏறலாம். எரிபொருளும் இயந்திரப் பராமரிப்பும் செலவைக் கூட்டுவதால் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் பறக்கும் நேரமும் குறைகிறது. மைக்ரோலைட்டை விலக்க வேண்டியதில்லை. அதற்கு முன் படியாகக் கிளைடரை வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முடிவுரை

தேசிய மாணவர் படையின் ‘சி’ சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள் எழுத்துத் தேர்வின்றிச் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாதமியின் சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வாசல் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் மாணவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அணிவகுப்போடு பயிற்சியை முடித்துக்கொள்வதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று, வாய்ப்புக் குறைவே. தேசிய மாணவர் படை இயக்குநரகமும் தமிழக அரசும் இணைந்து, ஆக்ராவின் பாராசூட் மையத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கிளைடர் பயிற்சியை மட்டும் உள்நாட்டுச் சமவெளிகளுக்குக் கொண்டுவர வேண்டும். முதற்கட்டமாகத் திண்டுக்கல் பகுதியில் ஒரு பருவம் முழுவதும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளந்து பதிவுசெய்ய வேண்டும். அப்பணியை இங்குள்ள கல்லூரிகளின் இயற்பியல், புவியியல் துறைகளே வரும் தை மாதத்தில் தொடங்கலாம்.